மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள்: கதை படிக்கிறவர்களுக்கு எப்படி?

மூர் மார்க்கெட் என்று பேச்சை எடுத்தாலே பாடப்புத்தகக் கணக்குதான் வரும். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷப் புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்குமா, டி.என்.பி.எஸ்.சி. கைடு போன வருஷத்துப் பதிப்பே போதுமா, நீட் மெட்டீரியல் எந்தக் கடையில் இருக்கிறது. நியாயமான தேவைதான். அந்தக் கடைகள் ஓடுவதும் அதனால்தான். ஆனால் பரீட்சை, மார்க், வேலை என்று எந்தக் காரணமும் இல்லாமல், படிக்கப் பிடிக்கும் என்பதற்காகவே படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே போனால் என்ன கிடைக்கும், எதைப் பார்த்து எடுக்க வேண்டும், எங்கே ஏமாற வாய்ப்பு உண்டு என்பது தனிச் சங்கதி. இந்த மதிப்பீடு அவர்களுக்காக.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்ன புத்தகம்தான் வேண்டும் என்று பேரை எழுதிக்கொண்டு போகிறவருக்கு இந்த இடம் சரிப்படாது. என்ன கண்ணில் படுகிறதோ பார்ப்போம் என்று அரை நாளை ஒதுக்கிப் போகிறவருக்கு, வடசென்னையில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

கடைகள் இப்போது இருப்பது அல்லிக்குளம் வணிக வளாகத்திலும் அதை ஒட்டிய நடைபாதையிலும். ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் இருக்கும் பக்கம். பழைய மூர் மார்க்கெட் கட்டடம் 1900-ல் திறக்கப்பட்டது; மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரை வைத்தார்கள். 1985 மே மாதம் அது தீப்பிடித்து எரிந்துபோனது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. ரயில்வே இன்றைக்கும் அதை மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்றுதான் அழைக்கிறது. அந்தப் பெயரை நம்பி ஸ்டேஷனுக்குள் கடையைத் தேட வேண்டாம். வெளியே வந்து ஸ்டேடியத்துக்கு வழி கேளுங்கள்.

வடக்கே இருந்து வருவது சுலபம். எண்ணூர், திருவொற்றியூர், வியாசர்பாடி, பெரம்பூர்க்காரர்களுக்கு மின்சார ரயில் இருக்கிறது. எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிகளில் சில பீச் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடும், ஏறும் முன் பலகையைப் பார்த்துக்கொள்ளவும். விம்கோ நகர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி வழியாக வரும் மெட்ரோவும் சென்ட்ரலிலேயே நிற்கிறது. டூவீலரில் வருவதுதான் தொல்லை. அந்த வளாகத்தில் நீதிமன்றங்களும் நடக்கின்றன. கோர்ட்டு வேலை நாட்களில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி உற்சாகம் போய்விடும்.

ஒரு மனிதர் புத்தகத்தை ஏன் விரும்பிப் படிக்கிறார் என்ற கேள்விக்கு அறிவு வளரும், சொல்வளம் கூடும், மன அமைதி கிடைக்கும் என்று பதில் சொல்வது வழக்கம். எல்லாம் பின்னால் வருகிற பலன்கள். நூறு பக்கம் தாண்டியும் கையை விட்டு இறங்காத புத்தகத்தை, சொல்வளத்துக்காக யாரும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற தவிப்பு, இன்னொருவர் தலைக்குள் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கும் ருசி, தன் மனதில் குழம்பிக் கிடந்ததை வேறு யாரோ சரியாகச் சொல்லிவிட்டபோது வரும் நிம்மதி, இவைதான் பிடித்து வைக்கின்றன. இவை நடக்க இரண்டு நிபந்தனை உண்டு. புத்தகத்தை அவரே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பாதியில் விட அவருக்கு மனம் வர வேண்டும். ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினவர் பிடிக்காவிட்டாலும் கட்டிக்கொண்டு அழுவார்; முப்பதாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வேறு எதையும் படிக்காமல் இருப்பார். கடைசியில் படிக்கும் பழக்கமே விட்டுப்போகும். மூர் மார்க்கெட்டின் உண்மையான பெருமை இங்கேதான். அங்கே விலை குறைவு என்பது வெறும் சிக்கனம் இல்லை. தெரியாத எழுத்தாளரை எடுத்துப் பார்க்கவும், பிடிக்காததைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் ஒதுக்கவும் அது தைரியம் கொடுக்கிறது.

புத்தகக் காட்சியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1977 முதல் நடக்கிற சென்னை புத்தகக் காட்சியில் விலைத் தள்ளுபடி பொதுவாகப் பத்து சதவீதம். எல்லாம் புதிது, சுத்தம், பதிப்பகவாரியாக அடுக்கு. ஆனால் கூட்டத்தில் நின்று முதல் பத்துப் பக்கம் படித்துப் பார்க்க முடியாது. பட்டியலோடு போய்ப் பையோடு திரும்புகிற இடம் அது. இரண்டும் வேண்டும். ஆனால் என்ன படிப்பது என்றே தெரியாதவர் முதலில் போக வேண்டியது அல்லிக்குளத்துக்கு.

உள்ளே நுழைந்ததும் கேள்வி வரும்: "என்னா சார் வேணும்? டி.என்.பி.எஸ்.சி.யா, நீட்டா?" கதைப் புத்தகம் என்று சொல்லுங்கள். "கதை புக்கா? அந்தப் பக்கம் கெடக்குது, பாருங்கண்ணே" என்று கையைக் காட்டுவார்கள். அந்தக் 'கெடக்குது' என்பதில்தான் நம் வேலை தொடங்குகிறது. பாடப்புத்தகத்துக்கு இருக்கிற அடுக்கு கதைக்குக் கிடையாது. கீழ்த்தட்டில், மூலையில், கோணியில், கட்டுப் பிரிக்காமல் இருக்கும். முதுகு வெளியே தெரிய நிற்பதைவிடப் படுக்கையாக அடுக்கிக் கட்டின கட்டுகளில்தான் நல்லது அகப்படும். கட்டைப் பிரிக்க அனுமதி கேட்டுவிட்டுப் பிரியுங்கள், பார்த்ததும் அதே வரிசையில் கட்டிக் கொடுங்கள். இரண்டாவது கட்டை அவர்களே எடுத்துப் போடுவார்கள்.

என்ன கிடைக்கும் என்றால், மாத நாவல்கள் ஏராளம். துப்பறியும் கதை, குடும்பக் கதை இரண்டும். நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சடித்து இரண்டு பின் அடித்தது. பஸ்ஸில் ரயிலில் படிக்க இதற்கு நிகர் இல்லை, ஒரே மூச்சில் முடியும், படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர் மறுபடி தொடங்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. இலக்கியம் இல்லை என்று இவற்றை ஒதுக்குகிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். ஆங்கில பேப்பர்பேக் நாவல்களும் நிறைய. அம்புலிமாமா, காமிக்ஸ் எப்போதாவது தலைகாட்டும். முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் காமிக்ஸ் 1984-லும் தொடங்கியவை, அவற்றின் பழைய இதழ்களைச் சேகரிக்கிறவர்கள் தேடி வருவதால் கடைக்காரர்களுக்கு அதன் மதிப்பு தெரியும், விலை இறங்காது.

கண்ணில் பட்டால் விடக்கூடாதது ஒன்று உண்டு. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் என்று பேர் போட்டிருக்கும். சோவியத் யூனியன் கலைந்ததோடு அந்த வரத்து நின்றுபோனது. தாள் நல்ல தாள், ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடித்த பக்கத் தொகுதிகளாகத் தைத்த கட்டு; அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் தட்டையாக விரிந்து நிற்கிறது. மேஜையில் விரித்து வைத்தால் கை எடுத்தாலும் மூடிக்கொள்ளாது. ஒரு புத்தகம் இப்படி விரிந்து கொடுப்பது படிக்கும் சுகத்தில் எத்தனை பங்கு என்பது, ஓரப் பசை போட்ட தடித்த நாவலைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துப் படித்தவர்களுக்குப் புரியும்.

அடுத்தது பைண்டு வால்யூம். நம் ஊர் வாசிப்புக்கே உரிய பண்டம் இது. வார இதழில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்து எடுத்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டிங் செய்து வைத்துக்கொள்வது பல வீடுகளில் பழக்கமாக இருந்தது. வீடு மாறும்போது, பெரியவர்கள் காலமானபின், அவை எடைக்குப் போய் இங்கே வந்து சேர்கின்றன. தனிப் புத்தகமாக வந்த கதைதானே என்று இவற்றைத் தள்ளிவிடக் கூடாது. இதழில் வந்தபோது வரைந்த ஓவியங்கள் புத்தகப் பதிப்பில் பெரும்பாலும் இருக்காது. பின்பக்கத்து விளம்பரம், துணுக்கு எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தையே வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். 'தொடரும்' என்று முடியும் இடத்தில் நிறுத்தி, மறுநாள் அடுத்ததைப் படிக்கிற சுகமும் இதில்தான் கிடைக்கும்.

ஆனால் வால்யூமைச் சரிபார்ப்பது புத்தகத்தைச் சரிபார்ப்பது போல இல்லை. பக்க எண்ணை நம்பவே கூடாது. ஒவ்வொரு வாரமும் இதழின் வேறு வேறு பக்கத்திலிருந்து கிழித்தது, 22-ல் தொடங்கி 27-ல் முடியும், அடுத்தது 41-ல் தொடங்கும். அத்தியாய எண்ணைத்தான் எண்ண வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் 'தொடரும்' அல்லது 'வளரும்' இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கடைசித் தாள் விட்டுப்போயிருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் 'முற்றும்' இருந்தே தீர வேண்டும். பெரிய தொடர்களை இரண்டு மூன்று வால்யூமாகக் கட்டியிருப்பார்கள், முதுகில் எண் போடாமல். முதல் அத்தியாயம் 1 என்று தொடங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம், உள் ஓரம். வால்யூமை நடுவில் விரித்து, இடப்பக்கத்தின் வரிக் கடைசியையும் வலப்பக்கத்தின் வரித் தொடக்கத்தையும் படியுங்கள். தனித்தனித் தாளாக இருப்பதால் ஓரத்தில் துளை போட்டுத் தைத்திருப்பார்கள். தையலுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டராவது வெற்றிடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் ஒரு எழுத்து தையலுக்குள் போய்விடும். கதை எத்தனை நல்லதானாலும் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்க முடியாது. பழைய பின்னை எடுக்காமலே தைத்திருந்தால் அந்தப் பின் துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்பு வளையம் விழுந்து, தாள் அங்கே பொடிந்து வரும். ஒன்றிரண்டு இடத்தில் இருந்தால் பரவாயில்லை.

சாதாரணப் புத்தகத்தில் காணாமல் போவது பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம் இல்லை, ஃபாரமாகத்தான் போகும். ஒரு ஃபாரம் என்பது பெரும்பாலும் 16 பக்கம், சில அச்சகங்களில் 8. அதனால் 17, 33, 49, 65 என்று 16 கூட்டிக்கொண்டே போய் (8 பக்க ஃபாரமானால் 8 கூட்டி) அந்தப் பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும், முழுப் புத்தகத்தையும் ஒரு நிமிஷத்தில் சரிபார்க்கலாம். அச்சுக் கோத்த காலத்துப் புத்தகங்களில் அந்தப் பக்கங்களின் அடியில், புத்தகப் பெயரின் முதல் எழுத்தோடு 2, 3, 4 என்று சின்ன எண் இருக்கும். பைண்டருக்கான அடையாளம் அது. எண் வரிசை தப்பினால் ஃபாரம் மாறிக் கட்டியிருக்கிறது, அல்லது ஒன்று விடுபட்டிருக்கிறது. நடைபாதையில் விற்கும் ஆங்கில பெஸ்ட்செல்லர் கள்ள அச்சுகளில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும்: ஒரே ஃபாரம் இரண்டு தடவை, இன்னொன்று இல்லவே இல்லை. மை வெளுத்து, பக்கத்தின் வெற்றிடம் ஒருபக்கம் சாய்ந்து, அட்டையில் எழுத்து மங்கலாக இருந்தால் கள்ள அச்சு என்று வைத்துக்கொள்ளலாம். துப்பறியும் கதையில் கடைசிக்கு முந்தின 16 பக்கம் இல்லாமல் போவதைவிட எரிச்சல் வேறு இல்லை. எழுதினவருக்கும் அதில் காசு போகாது. அதைத் தொடவே வேண்டாம்.

பதிப்பு ஆண்டு போட்ட பக்கம் கிழிந்திருந்தாலும் காலத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. விலை 2-8-0 என்ற மாதிரி இருந்தால் ரூபாய், அணா, பை. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தியது. ந.பை. என்று இருந்தால் நயா பைசா, 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. பதிப்பக முகவரியில் சென்னை-600 001 என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972-க்குப் பிந்தியது, வெறும் சென்னை-1 என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. எழுத்து வடிவம் இன்னொரு தடயம். லை, னை, ணை, ளை ஆகியவற்றில் யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்பு இருந்தால், ணா, றா, னா துணைக்கால் இல்லாமல் ஒட்டிச் சுழித்திருந்தால், அது 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லா அச்சகமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை என்பதால் சில வருஷம் முன்பின்னாக எடுத்துக்கொள்ள வேண்டும். சீர்திருத்த எழுத்தில் படித்து வளர்ந்த பிள்ளைகள் முதலில் தடுமாறுவார்கள். பத்துப் பக்கம் பொறுத்தால் கண் பழகிவிடும். அதற்காகப் பழைய பதிப்பைத் தவிர்க்க வேண்டியதில்லை.

தவிர்க்க வேண்டியது பொடிகிற தாள். நியூஸ்பிரிண்டில் மரத்தின் லிக்னின் நீக்கப்படாமல் இருக்கிறது, வெயிலும் காற்றும் பட்டால் பழுத்து அமிலம் சுரந்து தாள் முறுகிப்போகும். ஒரு பக்கத்தின் மூலையை மெல்ல வளைத்துப் பாருங்கள், மடிக்க வேண்டாம். வளைந்து திரும்பினால் இன்னும் பல வாசிப்பு தாங்கும். நுனி உதிர்ந்து விரலில் ஒட்டினால் அந்தப் புத்தகத்தை ஒருமுறை படிக்கலாம், அவ்வளவுதான். வேறு எங்கும் கிடைக்காத கதையாக இருந்தால் அந்த ஒருமுறைக்கே வாங்கலாம், அது அவரவர் ஆசை.

பூச்சியில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அட்டையிலும் முதுகிலும் மேலாகச் சுரண்டின மாதிரி, ஓரம் ஒழுங்கில்லாமல் அரித்திருந்தால் வெள்ளிப் பூச்சி. பசையைத் தின்ன வந்தது, வீட்டில் வறட்சியாக வைத்தால் போய்விடும். பக்கம் பக்கமாக ஒரே நேர்கோட்டில் ஊசித் துளை போயிருந்தால் ராமபாணம். புத்தகத்தைச் செங்குத்தாகப் பிடித்து வெள்ளைத் தாள்மேல் தட்டுங்கள். மாவு மாதிரி புதுத் தூள் கொட்டினால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது, வீட்டு அலமாரி முழுக்கப் பரவும். கறையான் மண் ஒட்டினதைக் கையால்கூடத் தொட வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் வாங்குகிறவர்கள் பூஞ்சைக்கும் மோந்து பார்க்க வேண்டும். பழைய புத்தக வாசனை வேறு, பூஞ்சை வாடை வேறு. பின்னது மூக்கில் ஏறினதும் தும்மல் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தக் கடைகளில் முகக்கவசம் இல்லாமல் நிற்கவே கூடாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பொது நூலக முத்திரை. நீக்கப்பட்டது என்று தனி முத்திரை இருந்தால் முறைப்படி கழித்து வந்தது. அது இல்லாமல் நூலக எண் மட்டும் இருந்தால் யாரோ திருப்பித் தராமல் விற்றது. வாங்கினால் அந்த வேலைக்கு நாமும் துணைபோகிறோம்.

விலை விஷயத்தில் எடைக்கு வந்த சரக்குதானே என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பது மரியாதை இல்லை. பத்துக் கட்டில் ஒன்பதை வருஷக்கணக்கில் வைத்துக் காத்தால்தான் பத்தாவதில் நமக்கு வேண்டியது இருக்கும். அந்தக் காவலுக்கும் சேர்த்துத்தான் காசு. கடந்த பத்து வருஷத்துக்குள் அச்சான நாவலுக்கு, அட்டை விலையில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை கொடுக்கலாம் என்பது என் அளவுகோல். அதற்கு மேல் கேட்டால் கொஞ்சம் சேர்த்துப் புதிதே வாங்கிவிடலாம், எழுத்தாளருக்காவது போகும். பழைய பதிப்புக்கு அட்டை விலையை வைத்துப் பேசுவது வீண், மூன்று ரூபாய் என்று போட்டிருப்பதைக் காட்டி யாரும் மூன்று ரூபாய்க்குக் கேட்கக் கூடாது. ஒன்றைத் தனியாகப் பேரம் பேசாமல் ஐந்தாறு எடுத்து அடுக்கிவிட்டு, மொத்தமாக என்ன போடுவீங்க என்று கேளுங்கள். மிக ஆசைப்பட்டதை அடுக்கின் நடுவில் வையுங்கள். அதை மட்டும் எடுத்து நீட்டி 'இது ரொம்ப நாளாத் தேடுறேன்' என்று சொன்னால் விலை அந்த நிமிஷமே ஏறும். சில்லறையும் யு.பி.ஐ.யும் இரண்டும் தயாராக இருக்கட்டும்.

எதை எடுப்பது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி. பின்னட்டையைப் படிக்காதீர்கள். முதல் பக்கத்தை நின்றபடி படியுங்கள், அடுத்து நடுவில் எங்காவது திறந்து ஒரு பக்கம். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் கவனமாகத்தான் எழுதுவார்கள், நடுப்பக்கத்தில்தான் கை தெரியும். அங்கே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு உங்கள் காதில் கேட்கிறதா என்று பாருங்கள். பக்கத்தைத் திருப்பத் தோன்றினால் எடுங்கள். எழுத்து அளவும் முக்கியம். நாற்பது வயதைத் தாண்டினவர்கள் கடை வெளிச்சத்தில் கஷ்டப்பட்டாவது படிக்க முடிகிற எழுத்தை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு பத்தியாகப் பொடி எழுத்தில் அச்சடித்த மலிவுப் பதிப்பு எத்தனை நல்ல நாவலானாலும் வீட்டில் தூங்கும்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அலமாரியில் செருகக் கூடாது. வெளியே வைத்து, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தட்டுங்கள். ஈரத் துணி ஆகாது. பூச்சிச் சந்தேகம் இருந்தால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டு போதாது, குளிர் மைனஸ் 18 டிகிரியாவது வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். உடனே திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் முத்து முத்தாகப் படிந்து, பூச்சி போய்ப் பூஞ்சை வரும். உச்சி வெயிலில் காய வைக்கிறார்கள் பலர். தாள் பழுப்பதும் ஓரப் பசை வெடிப்பதும் அதனால்தான். நிழலில், காற்று வரும் இடத்தில், விசிறி மாதிரி விரித்து நிற்க வையுங்கள். அலமாரியில் வசம்பைத் துணியில் முடிந்து போடலாம். நாப்தலின் உருண்டையைப் புத்தகத்தோடு வைத்தால் அந்த நெடியே படிக்க விடாது.

கிழிந்த பக்கத்துக்கு செலோ டேப் ஒட்டுவதைப் போல ஒரு தீங்கு இல்லை. சில வருஷத்தில் டேப் உரிந்து விழும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தை மறைக்கும், எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய டிஷ்யூ தாளைக் கிழிசலுக்கு ஏற்ற பட்டையாகக் கையால் கிழித்து, மைதாக் கூழைத் தொட்டுத் தடவி ஒட்டுங்கள். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டி விழாமல் கிளறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி ஆறவிட வேண்டும். மேலும் கீழும் வெண்ணெய்த் தாள் வைத்து, கனமான ஏதாவது ஒன்றை ஏற்றி, ஒரு ராத்திரி விடுங்கள்.

கட்டே தளர்ந்துவிட்டால் பைண்டிங்தான். அல்லிக்குளத்திலிருந்து ஜார்ஜ் டவுன் தூரமில்லை. ஆண்டர்சன் தெருவும் சுற்றியுள்ள தெருக்களும் காகிதம், கார்டு, அச்சு வேலைக்குப் பேர்போனவை, விசாரித்தால் பைண்டர் கிடைப்பார். அங்கே மூன்று விஷயத்தை வாய் விட்டுச் சொல்லுங்கள். ஃபாரம் மடிப்பு கெடாமல் இருந்தால் நடு மடிப்பில் தைக்கச் சொல்லுங்கள், ஓரத்தில் துளை போட வேண்டாம். கட்டிங் மிஷினில் வெட்ட வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். ஓரத்தை நேராக்கும் பழக்கத்தில் மேல் வரியையே சீவிவிடுவது உண்டு. பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் உள்ளே சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். பைண்டிங் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும். கைத்தையல் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அவசரப்படுத்தினால் ஓரப் பசை போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் கொடுங்கள்.

குறைகள் என்று பார்த்தால், வெளிச்சம் போதாது. செல்போன் டார்ச் இல்லாமல் கீழ்த்தட்டில் எதையும் படிக்க முடியாது. உட்கார இடமில்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் அரை மணிக்குமேல் தாங்க மாட்டார்கள். கதைப் புத்தகங்களுக்கு இருந்த இடத்தைப் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி வருகின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கடந்த இருபது முப்பது வருஷத்தில் தமிழில் எழுதப்பட்டவற்றில் நல்ல பகுதி இங்கே அரிது. சிறு பதிப்பகங்கள் குறைந்த பிரதியே அச்சடிக்கின்றன, வாங்கினவர்கள் எடைக்குப் போடுவதில்லை. தலித் எழுத்து, பெண்கள் எழுத்து, இந்த வடசென்னையையே களமாகக் கொண்ட நாவல்கள், இவற்றைத் தேடி இங்கே வந்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அவற்றைப் புதிதாக, பதிப்பகத்திடமே வாங்குவதுதான் சரி.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், அவசியம் போகலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு. நூறோ இருநூறோ அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, எதை எடுத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. பேய்க்கதை எடுத்தாலும், அட்டை கிழிந்த காமிக்ஸ் எடுத்தாலும், அவர்கள் எடுத்ததுதான். 'பொது அறிவு புக் எடுத்துக்கோம்மா' என்ற ஒரு வார்த்தை போதும், அதுவும் ஸ்கூல் ஆகிவிடும். தூசி அதிகம் என்பதால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் தவிர்க்கலாம்.

படித்து முடித்ததைத் திருப்பி விற்கவும் முடியும். வாங்கின விலையில் கால் பங்கு வந்தால் நல்ல பேரம். காசாகக் கேட்பதைவிட மாற்றிக்கொள்வது லாபம்: நான்கு கொடுத்து ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் கையிலிருந்து காசு போவதில்லை. மாத நாவல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோக வேண்டாம், இருபது சேர்ந்ததும் கட்டாகக் கொண்டுபோங்கள். உள்ளே பேர் எழுதாமல், மூலை மடிக்காமல், டேப் ஒட்டாமல் வைத்திருந்தால் அதற்குத் தனி விலை. ஜூன், ஜூலையில் பாடப்புத்தக வியாபாரம் மும்முரமாக இருக்கும், அப்போது கதைக் கட்டைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. ஆகஸ்ட் பிறந்ததும் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.